மலைச்சரிவு மாடல் முரண்டு பிடித்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

புதுச்சேரியில் மலை கிடையாது. இருக்கிற உயரமெல்லாம் செம்மண் மேடுதான். கடலூர்ப் பக்கம் கேப்பர் மலை உண்டு. அதை மலை என்று ஊட்டிக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இருந்தாலும் இங்கே உட்கார்ந்து நீலகிரிக்கும் வயநாட்டுக்கும் கொல்லிமலைக்கும் சரிவு மாடல் (மலைச்சரிவு நிற்குமா விழுமா என்று கம்ப்யூட்டரில் போடும் கணக்கு) போடுகிறவர்கள் நிறையப் பேர். கல்லூரி ப்ராஜெக்ட் பிள்ளைகள் பாதி, கன்சல்டன்சியில் வேலை பார்ப்பவர்கள் பாதி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் கரையைக் கடந்தது; மறுநாள் மாலை திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையடிவார வீடுகள் மேல் மண்ணும் பாறையும் இறங்கி ஏழு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு இந்த வேலையில் இறங்குகிறவர்கள் இன்னும் கூடிவிட்டார்கள்.

'சாஃப்ட்வேர் சரியில்லை' என்று சொல்லி வருகிற ஃபைல்களில் சாஃப்ட்வேர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. சமவெளிப் பழக்கம் மலைக்குள் ஏறிப் போயிருக்கும், அதுதான் கோளாறு. தட்டையான நீர்மட்டம், நாள் கணக்கு மழை, நம் ஊர் போர் லாக்கிலிருந்து (துளையிட்டு எடுத்த மண் பதிவு) எடுத்த மண் எண்கள், நம் ஊர் மேப் மண்டலம். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போகலாம். முதல் இரண்டை மட்டும் எல்லோரும் பார்த்துவிட்டுப் போங்கள்.

அறிகுறி: குன்னூர் கடலுக்குள் கிடக்கிறது, அல்லது சரிவுக் கோணம் எல்லா இடத்திலும் 89 டிகிரி

உயர மாடலை (கட்டம் கட்டமாகத் தரை உயரம் சொல்லும் கோப்பு) திறந்தால் குன்னூர் புதுச்சேரிக்குக் கிழக்கே, வங்கக் கடலில் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி மிதக்கிறதா? யூடிஎம் மண்டலம் (பூமியை ஆறு டிகிரி அகலப் பட்டைகளாகப் பிரிக்கும் மேப் முறையில் ஒரு பட்டை) தப்பு. புதுச்சேரி, கடலூர், திருவண்ணாமலை, ஏற்காடு, கொல்லிமலை எல்லாம் 44 வடக்கு. தீர்க்கரேகை 78 டிகிரிக்கு மேற்கே இருக்கிற நீலகிரி, கொடைக்கானல், மூணாறு, வயநாடு எல்லாம் 43 வடக்கு. இங்கே எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் சேமித்து வைத்திருக்கிற டெம்ப்ளேட் 44தான். 43இல் இருக்கிற ஃபைல் மேல் 44 என்று பெயர் ஒட்டினால் மலை அப்படியே ஆறு டிகிரி கிழக்கே நகரும்.

ப்ரொஜெக்ஷனை (உருண்டைப் பூமியைத் தட்டை மேப்பாக்கும் முறை) பெயர் மாற்றி ஒட்டுவது வேறு, ரீப்ரொஜெக்ட் செய்வது, அதாவது எண்களையே புது முறைக்குக் கணக்கிட்டு மாற்றுவது, வேறு. ஃபைல் எந்த மண்டலத்தில் உருவானதோ அந்தப் பெயரை முதலில் சரியாகக் கொடுங்கள் (மேப் முறைகளுக்கான இபிஎஸ்ஜி எண்ணில் நீலகிரிக்கு 32643). மாற்ற வேண்டுமென்றால் அப்புறம் ரீப்ரொஜெக்ட் செய்து புது ஃபைலாகச் சேமியுங்கள்.

சரிவு எல்லாம் 89 டிகிரி என்றால், நீளம் டிகிரியிலும் உயரம் மீட்டரிலும் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு கட்டத்தின் அகலம் 0.00028 என்று நினைத்துக்கொண்டு அதில் பத்து மீட்டர் ஏறினால் செங்குத்துச் சுவர்தான் வரும். இதற்கும் ரீப்ரொஜெக்ட்தான் மருந்து.

மூன்றாவதாக ஒன்று, சத்தமில்லாமல் இருக்கும். 12.5 மீட்டர் கட்டம் என்று இலவசமாகக் கிடைக்கிற ஆலோஸ் பால்சார் (ஜப்பானிய ரேடார் சாட்டிலைட்) உயரக் கோப்பைப் பலர் நம்பி எடுக்கிறார்கள். ரேடார் படத்தைத் திருத்துவதற்காகக் கூடவே வைத்த கோப்பு அது. நம் பகுதிக்கு 30 மீட்டர் எஸ்ஆர்டிஎம் (விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரில் அளந்த உயரம்) தரவையே பொடியாக வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். புதிய விவரம் ஒன்றும் அதில் கிடையாது. உயரமும் கடல்மட்டக் கணக்கில் இல்லை, எலிப்சாய்ட் (பூமிக்குக் கணிதம் கொடுக்கும் வழவழப்பான உருவம்) கணக்கில் இருக்கிறது. சந்தேகமிருந்தால் அதே மூலத்தில் புதுச்சேரித் துண்டை இறக்கி, கடற்கரைச் சாலையில் காந்தி சிலைப் பக்கம் ஒரு கிளிக் செய்து பாருங்கள். கடல்மட்டத்துக்குத் தொண்ணூறு மீட்டர் அளவுக்குக் கீழே காட்டினால் எலிப்சாய்ட்தான். சரிவுக் கோணத்துக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. டோப்போஷீட் உயரத்தோடு ஒப்பிடும்போதும், இரண்டு மூலங்களை ஒட்டுப்போடும்போதும் கெடுக்கும்.

அசல் எஸ்ஆர்டிஎம் 2000 பிப்ரவரியில் எடுத்தது. அதற்குப் பிறகு வெட்டிய ரோடு, ரிசார்ட், தேயிலைத் தோட்டப் படிக்கட்டு எதுவும் அதில் இருக்காது. பன்னிரண்டு மீட்டர் உயர வெட்டுமுகத்தை எந்த 30 மீட்டர் மாடலும் காட்டாது. ரோட்டோரச் சரிவு உங்கள் வேலையென்றால் டேப்பும் சாய்வு அளக்கும் கிளைனோமீட்டரும் எடுத்துக்கொண்டு நேரில் போய்த்தான் ஆக வேண்டும்.

அறிகுறி: உண்மையில் சரிந்த இடத்தில் பாதுகாப்புக் காரணி 1.7, 3 என்று வருகிறது

அதிகம் வருகிற புகார் இதுதான். பாதுகாப்புக் காரணி என்பது மண் தாங்கும் வலுவைக் கீழிழுப்பால் வகுத்த எண்; 1க்குக் கீழே போனால் மண் சரியும். சாஃப்ட்வேரை மூடி வையுங்கள். ஒரு தாளில் முடிவிலிச் சரிவுக் கணக்கை (ஒரே சாய்வு முடிவில்லாமல் நீள்கிறது என்று வைத்துப் போடுவது) போடுங்கள்: கோஹிஷனோடு (மண் துகள்களின் ஒட்டும் வலு), சரிவுத் தளத்துக்குச் செங்குத்தான அழுத்தத்தில் நீரழுத்தத்தைக் கழித்து உராய்வுக் கோணத்தின் டேன் மதிப்பால் பெருக்கியதைக் கூட்டுங்கள், அதைக் கீழிழுக்கும் அழுத்தத்தால் வகுங்கள்.

எண்ணோடு பார்ப்போம். மண் ஆழம் 2 மீட்டர், எடை கனமீட்டருக்கு 19 கிலோநியூட்டன், சரிவு 35 டிகிரி, கோஹிஷன் 5 கிலோபாஸ்கல், உராய்வுக் கோணம் 32 டிகிரி. செங்குத்து அழுத்தம் 25.5, கீழிழுப்பு 17.85. காய்ந்த மண்ணில் காரணி 1.17. மண்ணுக்குள் நீர் பாதி ஆழம் ஏறினால் 0.94. தரைவரை ஏறினால் 0.71. காரணி 1ஐத் தொட அடியிலிருந்து 75 சென்டிமீட்டர் நீர் நின்றால் போதும். நிற்கிற மலைக்கும் விழுகிற மலைக்கும் நடுவே முக்கால் மீட்டர் தண்ணீர்தான் இருக்கிறது.

இனி உங்கள் மாடல் ஏன் ஏமாற்றுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எக்செல்லில் கணக்குப் போட்டிருந்தால் முதலில் டிகிரி, ரேடியன் பாருங்கள். எக்செல் கோணத்தை ரேடியனாகத்தான் எடுத்துக்கொள்ளும். 'தப்பாக இருந்தால் எண் கன்னாபின்னாவென்று வரும், கண்டுபிடித்துவிடலாம்' என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. மேலே சொன்ன அதே எண்களை ரேடியனாகப் போட்டால் 32இன் டேன் 0.66 என்று வரும்; சரியான விடை 0.62. பக்கத்திலேயே இருக்கிறது. மொத்தக் காரணி 1.17க்குப் பதில் 1.7க்கு மேல் வரும். பார்க்க நல்ல பிள்ளையாட்டம் இருக்கும். 35க்குப் பதில் 36, 37 என்று மாற்றிப் பாருங்கள்: சரிவு கூடக் கூடக் காரணி சீராகக் குறையாமல் தாறுமாறாக ஆடினால் ரேடியன்தான்.

அடுத்து கோஹிஷன். லேபில் காய்ந்த மண்ணிலோ, வடியவிடாத சோதனையிலோ எடுத்த 50 கிலோபாஸ்கலைப் போட்டிருப்பீர்கள். மேலே உள்ள கணக்கில் 5க்குப் பதில் 50 வைத்தால், மண் முழுக்க நீர் நிறைந்த பிறகும் காரணி 3.2. அதாவது இரண்டு மீட்டர் ஆழச் சரிவு எந்தக் காலத்திலும் நடக்காது என்று உங்கள் மாடல் சத்தியம் செய்கிறது. ஆழமில்லாத சரிவில் கோஹிஷன் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும். நனைத்து ஊறவைத்த மண்ணில், நீரழுத்தம் அளந்து செய்த சோதனை எண்தான் வேண்டும்.

இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க ஊட்டிவரை போக வேண்டாம். கேப்பர் மலைப் பக்கமோ பொம்மையார்பாளையம் ஓடைப் பக்கமோ செம்மண் செங்குத்தாக நிற்கும். மூன்று மீட்டர் நின்றால் அந்த மண்ணுக்குக் குறைந்தது ஏழு, எட்டு கிலோபாஸ்கல் கோஹிஷன் இருக்கிறது என்று கணக்குச் சொல்லும். கீழே விழுந்து கிடக்கிற கட்டி ஒன்றை எடுத்து வந்து, நன்றாகக் காயவிட்டு, எவர்சில்வர் டம்ளர் தண்ணீரில் போடுங்கள். முதலில் காற்றுக் குமிழி வரும், விளிம்பு உதிரும், கொஞ்ச நேரத்தில் பல கட்டிகள் அடியில் சேறாகப் படியும். சேறாகப் போனதன் கோஹிஷன் துளைகளுக்குள் இருந்த ஈரத்தின் உறிஞ்சு இழுவை மட்டுமே. மழையில் முதலில் காணாமல் போவது அதுதான். கட்டி அப்படியே நின்றால் இரும்புச் சத்து அதைக் கட்டிவைத்திருக்கிறது. அந்தப் பங்கை மாடலில் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக நீர்மட்டம். சமவெளியில் நீர்மட்டத்தை ஒரு படுத்த கோடாக வரைந்து பழகிவிட்டோம். மலையில் அப்படி வரைந்தால் கோடு பாறைக்குள் எங்கோ ஆழத்தில் போகும், சரியும் மண்ணைத் தொடவே தொடாது. மழை நேரத்தில் மண்ணுக்கும் பாறைக்கும் இடைப்பட்ட விளிம்பில் தற்காலிகமாக ஒரு நீர்மட்டம் சரிவுக்கு இணையாகத் தேங்கும். அதை வரைய வேண்டும். நெய்வேலிச் சுரங்கச் சரிவில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் ஒரு அனுகூலம் உண்டு: பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கிற நீரை இறைத்துக் குறைத்தால்தான் அங்கே வெட்டவே முடியும் என்பதால், நீரழுத்தம் போடாத மாடலை அவர்கள் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

அறிகுறி: சொட்டு மழை இல்லாமலேயே மலை முழுக்க 1க்குக் கீழே

முந்தையதற்கு நேர் எதிர். மேப் முழுக்கச் சிவப்பு. ஆனால் மலை அங்கேயே நிற்கிறது, அதன் மேல் தேயிலை வளர்கிறது.

பெரும்பாலும் மண் ஆழத்தை எல்லா இடத்துக்கும் ஒரே எண்ணாகக் கொடுத்திருப்பார்கள். 55 டிகிரி சரிவில் மூன்று மீட்டர் மண் தங்காது. அங்கே பாறைதான் தெரியும். சரிவு கூடக் கூட ஆழம் குறைகிற மாதிரி ஒரு விதி கொடுங்கள், அல்லது பாறை முகங்களை மாஸ்க் செய்து (மறைத்து) விலக்குங்கள். நீலகிரியில் சார்னோகைட் பாறை சிதைந்து செம்பொறை மண்ணாகவும் அதன் கீழ் மிருதுவான களியாகவும் பல மீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருக்கிற இடங்கள் உண்டு. நூறு மீட்டர் தள்ளி வெறும் பாறை. சராசரி எடுத்தால் இரண்டு இடத்திலும் தப்பு.

இன்னொரு காரணம், கடலூர் மணற்கல் மணலுக்கு எடுத்த எண்களை மலை மண்ணுக்குப் போடுவது. கோஹிஷன் பூஜ்யம், உராய்வு 30 என்று வைத்தால் 30 டிகிரிக்கு மேலே உள்ள ஒவ்வொரு கட்டமும் விழத்தான் செய்யும். வேர்களின் பிடிமானமாகச் சில கிலோபாஸ்கல் சேர்க்கலாம். ஆனால் வேர் போகும் ஆழம்வரை மட்டும்.

அறிகுறி: கணக்கு முடியவே மாட்டேன் என்கிறது

ஸ்லைஸ் முறையில் (சரியும் மண்ணைச் செங்குத்துத் துண்டுகளாக வெட்டிப் போடும் கணக்கு) 'கன்வர்ஜ் ஆகவில்லை', அதாவது விடை ஒரு எண்ணில் நிலைக்கவில்லை, என்று வந்தால் இரண்டு முனைகளைப் பாருங்கள்.

அடிமுனையில் சரிவுத் தளம் செங்குத்தாக மேலேறி வெளியே வருகிறதா? ஸ்லைஸ் கணக்கில் ஒரு வகையான பிஷப் முறையில் ஸ்லைஸ் அடியின் காஸ் மதிப்போடு, அதன் சைனை உராய்வின் டேனால் பெருக்கிக் காரணியால் வகுத்ததைக் கூட்டி, அந்தத் தொகையால் வகுக்கிறோம். அடி மைனஸ் 60 டிகிரி, உராய்வு 32, காரணி 1 என்றால் அந்தத் தொகை மைனஸ் 0.04. பூஜ்யத்தை ஒட்டிய எண்ணால் வகுத்தால் எந்தக் கம்ப்யூட்டரும் திணறும். வெளியேறும் கோணத்தை 45இல் உராய்வுக் கோணத்தின் பாதியைக் கழித்த அளவோடு, அதாவது இங்கே 29 டிகிரியோடு, நிறுத்துங்கள்.

மேல்முனையில் மண் இழுவிசையில் இருக்கிறதா? மண் இழுவையைத் தாங்காது. அங்கே விரிசல் விடும். கோஹிஷன் 10 என்றால் விரிசல் ஆழம் ஏறக்குறைய 1.9 மீட்டர். அதை மாடலில் வையுங்கள், மழைக்காலக் கணக்கென்றால் அதில் தண்ணீரையும் நிரப்புங்கள். தேயிலைத் தோட்டத்தில் உச்சிப் பக்கம் பிறை வடிவில் விரிசல் தெரிந்தால் அது எங்கே என்று அளந்து அதே இடத்தில் வைப்பது இன்னும் நல்லது.

ஃபைனைட் எலிமென்ட்டில் (மலையைச் சின்ன முக்கோணங்களின் வலையாகப் பிரித்துப் போடும் கணக்கு) வலிமையைப் படிப்படியாகக் குறைக்கும் முறையில் வேறு சிக்கல். கணக்கு நின்ற இடத்தையே சரிவு என்று எழுதிவிடுகிறார்கள். நின்றது மலை விழுந்ததாலா, மூலையில் ஒரு கோணல் முக்கோணத்தாலா? இடப்பெயர்ச்சிப் படத்தைத் திறந்து பாருங்கள். அடியிலிருந்து உச்சிவரை தொடர்ச்சியாக ஒரு பட்டை தெரிந்தால் சரிவு. ஒரே ஒரு எலிமென்ட் மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் மெஷ்ஷைச் சரிசெய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

அறிகுறி: சரிவு நடந்த நேரத்துக்கு முன்போ பின்போ மாடல் விழுகிறது

மழைத் தரவில் நாள் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள். இந்திய வானிலைத் துறையின் 'டிசம்பர் 1 மழை' என்றால் நவம்பர் 30 காலை 8.30லிருந்து டிசம்பர் 1 காலை 8.30வரை பெய்தது. திருவண்ணாமலைச் சரிவு டிசம்பர் 1 மாலை. அன்று பகலில் பெய்தது டிசம்பர் 2 கணக்கில் விழும்; அந்த எண்ணில் சரிவுக்குப் பிறகு பெய்த மழையும் கலந்திருக்கும். நாள் மழையை மட்டும் வைத்து நேரத்தைப் பிடிக்க முடியாது. மணிக்கணக்கு வேண்டும்.

அதற்காகச் சாட்டிலைட் மழைக்குப் போனால் அங்கே மூன்று பொறிகள். நாசாவின் சாட்டிலைட் மழைத் தரவான ஐமெர்க் உலகநேரத்தில் இருக்கும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். அரைமணிக் கோப்பில் இருப்பது பெய்த அளவு இல்லை, மணிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்ற வேகம். பாதியாக்காமல் கூட்டினால் மழை இரட்டிப்பாகும். ஒரு கட்டம் 0.1 டிகிரி, பதினொரு கிலோமீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிற சரிவில் பெரும்பகுதி ஓரிரு கட்டங்களுக்குள் அடங்கிவிடும்.

உங்கள் ஸ்கிரிப்ட் சரியா என்று சோதிக்க நம் ஊர் மழையே போதும். ஃபெஞ்சலில் புதுச்சேரி மழைமானி ஒரே நாளில் அரை மீட்டரை ஒட்டி அளந்தது. அதே 24 மணி நேரத்துக்கு, காலை 8.30 முதல் 8.30வரை, புதுச்சேரிக் கட்டத்தைக் கூட்டிப் பாருங்கள். விடை ஒரு மீட்டர்ப் பக்கம் போனால் பாதியாக்க மறந்திருக்கிறீர்கள். கணிசமாகக் குறைந்தால் ஸ்கிரிப்டைக் குற்றம் சொல்ல அவசரப்படாதீர்கள்: இவ்வளவு பெரிய மழையைச் சாட்டிலைட் குறைத்துக் காட்டுவது வழக்கம்தான்.

மழை சரியாக இருந்தும் நேரம் தப்பினால் நீர் ஊடுருவும் வேகத்தைப் பாருங்கள். மழையால் வரும் சரிவைக் கணக்கிடும் ட்ரிக்ரஸ் போன்ற நிரல்கள் விநாடிக்கு மீட்டர் கேட்கும். மணிக்கு 36 மில்லிமீட்டர் என்பது விநாடிக்கு 0.00001 மீட்டர். பூஜ்யம் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ சரிவு ஒரு நாள் முன்னே பின்னே ஓடும். மழைக்கு முந்தைய ஈரமும் முக்கியம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அதற்கு முந்தைய நாட்களிலும் அங்கே பெருமழைதான். காய்ந்த மலையிலிருந்து கணக்கைத் தொடங்கினால் மாடல் தாமதமாகத்தான் விழும்.

அறிகுறி: ஸ்டீரியோநெட் 'பத்திரம்' என்கிறது, ஆப்புப் பாறை ரோட்டில் கிடக்கிறது

ஸ்டீரியோநெட் என்பது பாறை விரிசல்களின் சாய்வையும் திசையையும் ஒரு வட்டத்தில் வரையும் படம். பாறையில் கோஹிஷன், உராய்வை விடத் திசைதான் பெரிது. ஓர் உதாரணம். வெட்டுமுகம் 70 டிகிரி சாய்வு, 120 திசை (வடக்கிலிருந்து வலமாக எண்ணிய டிகிரி) நோக்கி. இரண்டு விரிசல் கூட்டங்கள்: ஒன்று 55 சாய்வு 75 திசை, மற்றது 60 சாய்வு 175 திசை. தனித்தனியே சோதித்தால் ஒன்று முகத்திலிருந்து 45 டிகிரி விலகியிருக்கிறது, மற்றது 55. இருபது டிகிரிக்குள் இருந்தால்தான் தளச்சரிவு என்ற விதிப்படி இரண்டுமே தேறிவிடும். ஆனால் இரண்டும் வெட்டிக்கொள்ளும் கோடு 120 திசையில், 45 டிகிரி இறங்குகிறது. நேரே ரோட்டை நோக்கி. 70ஐவிடக் குறைவு, உராய்வுக் கோணமான 35ஐவிட அதிகம். ஆப்பு (இரண்டு விரிசல்களுக்கு நடுவே சிக்கிய பாறைத் துண்டு) வழுக்க இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆகவே தளச்சோதனையோடு நிறுத்தாதீர்கள், ஆப்புச் சோதனையும் போடுங்கள்.

இந்த உதாரணத்தையே உங்கள் சாஃப்ட்வேரில் போட்டுப் பாருங்கள். 120, 45 வராவிட்டால் ஸ்ட்ரைக்கும் (விரிசல் தளத்தில் படுத்த கோட்டின் திசை) சாய்வுத் திசையும் இடம் மாறியிருக்கின்றன. வலக்கை விதிப்படி ஸ்ட்ரைக்கோடு 90ஐக் கூட்டினால்தான் சாய்வுத் திசை. 345 என்று நோட்டில் இருப்பது 75 ஆக வேண்டும். ஒருவர் ப்ரண்டன் காம்பஸிலும் இன்னொருவர் போன் ஆப்பிலும் அளந்த தரவென்றால் இது அநேகமாக நடந்திருக்கும். காந்தத் திசை விலகல்மேல் பழி போடாதீர்கள். தமிழ்நாட்டில் அது ஓரிரு டிகிரிதான்.

அளக்கும்போதே வரும் கோளாறு ஒன்று இருக்கிறது. ரோட்டோரமாக டேப் பிடித்து, டேப்பைத் தொடும் விரிசல்களை மட்டும் எழுதுகிறோம். ரோட்டுக்கு இணையாக ஓடும் விரிசல்கள் டேப்பை அரிதாகத்தான் தொடும். ஆனால் ரோட்டின் மேல் பலகையாக வழுக்கி விழுவது அந்தக் கூட்டம்தான்! அரிதாகத் தொடும் விரிசல்களுக்கு எடை கூட்டும் டெர்சாகி திருத்தத்தைப் போடுங்கள். முடிந்தால் ரோட்டுக்குக் குறுக்கே, ஓடை வெட்டிலோ பாலத்தடியிலோ இன்னொரு டேப் பிடியுங்கள்.

வெடிவைத்து வெட்டிய முகத்துக்கு ஹோக்-பிரவுன் (பாறை வலிமைக் கணக்கு) சேதக் காரணியைப் பூஜ்யம் என்று விட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். தாறுமாறான வெடிக்கு அது 1வரை போகும்.

அறிகுறி: சேற்றோட்டம் பாதி வழியில் நின்றுவிடுகிறது

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் புஞ்சிரிமட்டத்துக்கு மேலே பிய்ந்த இடம் ஏறக்குறைய 86,000 சதுர மீட்டர். ஓட்டம் முண்டக்கை, சூரல்மலை வழியாக எட்டு கிலோமீட்டர் போனது. அதை வோல்மி முறையில் (உராய்வையும் வேகத்தடையையும் வைத்துப் போடும் ஓட்டக் கணக்கு) திரும்ப ஓட்டிப் பார்ப்பவர்களின் சேறு முதல் கிலோமீட்டரிலேயே உட்கார்ந்துவிடும். உராய்வுக் கெழு 0.2 என்று வைத்தால், தரைச் சாய்வு 11 டிகிரிக்குக் கீழே போனதும் ஓட்டம் வேகமிழக்கும். ஆற்றுப்படுகைச் சாய்வு அதைவிடக் குறைவு. நீர் கலந்த சேற்றுக்கு 0.05லிருந்து 0.1வரை வைத்துப் பாருங்கள்.

அதற்கும் நின்றால் இரண்டு சந்தேகம். ஒன்று, மேலே பிய்ந்த மண்ணை மட்டும் விட்டிருக்கிறீர்கள்; வழியில் அரித்துச் சேர்த்துக்கொள்ளும் மண்ணையும் கல்லையும் மரத்தையும் கணக்கில் சேர்க்கவில்லை. மற்றது, ஓடைக்கு மேல் கவிந்த மரங்களை உயர மாடல் தரை என்று நினைத்து அணை கட்டி வைத்திருக்கிறது. ஓட்டத்தின் ஆழப் படத்தில் குளம் மாதிரி ஏதாவது தெரிந்தால் அந்த இடத்தில் ஓடையை வெட்டித் திறந்துவிடுங்கள். ஒரே நிகழ்வுக்குத் திருகிப் பொருத்திய கெழுவை வேறு பள்ளத்தாக்குக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

அறிகுறி: உருளும் கல் பள்ளத்தாக்கைத் தாண்டிப் பறக்கிறது

துள்ளல் கெழுக்களை (தரையில் மோதிய கல் எவ்வளவு வேகத்தோடு எழும் என்ற எண்) பாருங்கள். டீஃபால்ட்டில் வெறும்பாறை எண் இருக்கும். உங்கள் சரிவில் பாதி தூரம் மண்ணும் புதரும். கீழே ஏற்கெனவே கிடக்கிற கற்குவியலின் உச்சியிலிருந்து 27.5 டிகிரிக் கோடு ஒன்று வரைந்து பாருங்கள். அந்தக் கோட்டைத் தாண்டி அதிகமான கற்கள் போனால் மாடலைச் சந்தேகியுங்கள், மலையைச் சந்தேகிக்க வேண்டாம்.

அறிகுறி: துல்லியம் 0.95 வருகிறது, மேப் எதற்கும் உதவவில்லை

மெஷின் லேர்னிங்கில் (பழைய சரிவுகளைக் காட்டிக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுப்பது) 'சரியாத இடம்' என்ற புள்ளிகளை எங்கிருந்து எடுத்தீர்கள்? மேட்டுப்பாளையம் சமவெளியும் உங்கள் மேப் எல்லைக்குள் இருந்தால் அங்கிருந்துதான் பாதி வந்திருக்கும். தட்டை நிலம் சரியாது, சாய்ந்த நிலம் சரியும் என்று மட்டும் கற்றுக்கொண்ட மாடலுக்கு 0.95 வராமல் என்ன செய்யும்? பதினைந்து டிகிரிக்குக் கீழே உள்ள இடத்தையெல்லாம் நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். மதிப்பெண் இறங்கும். அதுதான் உண்மை மதிப்பெண்.

சரிவுப் புள்ளி பிய்ந்த உச்சியில் இருக்கிறதா, மண் வந்து கிடந்த ரோட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ரோட்டில் என்றால், உங்கள் மாடல் கண்டுபிடிப்பது ரோட்டை. அடுத்தடுத்த கட்டங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் பிரிந்து விழாமல், இடவாரியாகப் பிரியுங்கள். 2009 நவம்பரில் வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சரிந்ததை வைத்துக் கற்றுக்கொடுத்து, தென்மேற்குப் பருவமழை வாங்குகிற கூடலூர், பந்தலூரில் சோதியுங்கள். தேறினால் அந்த மேப்பைக் கலெக்டர் அலுவலகத்துக்குக் கொடுக்கலாம்.

இதற்கும் மேல் மசியவில்லை என்றால்

யாரிடமாவது கேட்கும்போது ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பாதீர்கள். உயர மாடலின் மூலமும் இபிஎஸ்ஜி எண்ணும், மண் எண்கள் எந்தச் சோதனையில் எடுத்தவை என்பதும், நீர்மட்டம் வரைந்த குறுக்குவெட்டும், மழைக் கோப்பின் முதல் பத்து வரிகளும், கையால் போட்ட முடிவிலிச் சரிவுக் கணக்குத் தாளின் போட்டோவும் சேர்த்து அனுப்புங்கள். அந்தத் தாள் இல்லாமல் வருகிற ஃபைலை நான் திறப்பதில்லை.